வாட்டர் பிளாக் வாங்கும் முன்

வாட்டர் பிளாக் என்பது கம்ப்யூட்டர் பிராசஸரின் மேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தண்ணீரால் அதன் சூட்டை எடுக்கும் கட்டை. விலையைப் பார்ப்பதற்கு முன் அதன் அடிப்பகுதி என்ன உலோகம் என்று பாருங்கள். செம்பு, அல்லது நிக்கல் பூசிய செம்புதான் வேண்டும். செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரை மாட்டினால் அலுமினியம் அரித்து, அந்தக் கசடு பிளாக்கின் மெல்லிய பள்ளங்களில் போய் அடைக்கும். வெப்பம் மெல்ல ஏறும். பழி பம்ப் மேல் விழும்.

பிராசஸரை மாட்டும் சாக்கெட்டும் முக்கியம். இன்டெலின் எல்ஜிஏ 1200 சாக்கெட்டுக்குத் துளை இடைவெளி 75 மி.மீ., 1700-க்கு 78. பிளாக்கைப் பிடிக்கும் பழைய 1200 பிராக்கெட் 1700-இல் உட்காராது.

அக்ரிலிக் மூடியில் ஜி 1/4 ஃபிட்டிங்கை (குழாயை இணைக்கும் திருகு முனை) கையால் மட்டும் முறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் விரிசல்தான். தண்ணீர் உள்ளே வரும் 'இன்' துளையை மாற்றி மாட்டாதீர்கள், வெப்பம் சில டிகிரி கூடும்.

சென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் போர் தண்ணீர் உப்பு; அதை உள்ளே ஊற்றாதீர்கள். கேன் தண்ணீரும் வேண்டாம். பேட்டரி கடை டிஸ்டில்டு வாட்டரோடு பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து சேருங்கள். கடையில் ஆசிட் கேனைத் தந்துவிடப் போகிறார்கள், லேபிளைப் படியுங்கள்!