காளான் கேட்டு வருபவருக்கு எப்படிப் பதில் சொல்வது

தருமபுரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன வாரம் வந்து, "மாமா, கொடைக்கானல் காளான் சாப்பிட்டா மனச்சோர்வு போயிடுமாமே?" என்றான். அந்த மலையில் விற்கும் போதைக் காளானைத்தான் கேட்டான். உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் திட்டாதீர்கள். உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

பிறகு உள்ளதைச் சொல்லுங்கள். இந்தக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற வேதிப்பொருள் உடலுக்குள் சைலோசினாக மாறி, மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் 5எச்டி2ஏ என்ற ஏற்பியில் போய் ஒட்டுகிறது. 'நான் உருப்படமாட்டேன்' என்ற ஒரே நினைப்பில் செக்குமாடாய்ச் சுற்றவைக்கும் மூளை வலையமைப்பின் பிடி சில மணி நேரம் தளர்கிறது. பலன் அதில்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2016-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மனச்சோர்வு உள்ள 12 பேருக்குச் சைலோசைபின் கொடுத்தார்கள். பலருக்குச் சோர்வு குறைந்தது. ஆனால் கூடவே சிகிச்சையாளர்கள் இருந்தார்கள். மலையில் பொட்டலம் விற்பவன் இருப்பானா?

என்ன மாத்திரை போடுகிறார் என்று கட்டாயம் கேளுங்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் இந்தக் காளானையும் சாப்பிட்டால் வலிப்பு வரலாம். குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தாலும் ஆபத்து. காளானை நம்பி மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினை எழுதித் தரலாம். இங்கே வைத்திருந்தாலே வழக்கு.

அப்புறம் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். மருமகன் தனியாகப் போக வெட்கப்பட்டான். கடையை மூடிவிட்டு நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.