கை தூக்காத பிள்ளைக்கு விடை தெரியாது என்று நினைக்காதீர்கள்

கொரிய அரசுப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்துவிடுகிறார்கள். "யாருக்கு விடை தெரியும்?" என்று பொதுவாகக் கேட்பார்கள். ஒரு கையும் எழாது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவுகட்டி, மறுநாள் பாடத்தை இன்னும் சுலபமாக்கிவிடுவார்கள். அங்கே பலர் பள்ளி முடிந்ததும் 'ஹாக்வொன்' என்கிற தனிப்பயிற்சி நிலையத்துக்குப் போய் அதே பாடத்தை முன்பே படித்திருப்பார்கள். எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம்தான் வாயைக் கட்டுகிறது. அதே கேள்வியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசச் சொல்லுங்கள். வகுப்பு கலகலவென்று ஆகிவிடும்.

"புரிந்ததா?" என்று கேட்பதும் வீண். "நே!" என்று மொத்த வகுப்பும் ஆமாம் போடும். செய்துகாட்டச் சொன்னால்தான் உண்மை தெரியும்.

உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். கொரிய எழுத்தில் 'ஃப' ஒலி இல்லை. அதனால் காஃபி அவர்கள் வாயில் 'கொப்பி'. நாம் 'காப்பி' என்பதும் இதே காரணத்தால்தானே! பஸ் அங்கே 'பொஸு', நம் ஊரில் 'பஸ்ஸு'. சொல்லின் கடைசியில் உயிர் ஒட்டுவது நமக்கும் பழக்கம் என்பதால், தமிழ் ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் எளிதில் பிடிபடும். 'ஃப' ஒலிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொடுவதைக் காட்டி, காற்றை விடச் சொல்லுங்கள். பத்து முறை "மறுபடி சொல்லு" என்பதைவிட இது பலன் தரும்.

சிவப்புப் பேனாவால் மாணவர் பெயரை எழுதாதீர்கள். இறந்தவர் பெயரோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அங்கே உண்டு.

கூடவே பாடம் நடத்தும் கொரிய ஆசிரியர் பலகையில் பிழையாக எழுதினால், பிள்ளைகள் முன் திருத்த வேண்டாம். வகுப்பு முடிந்தபின் தனியாகச் சொல்லுங்கள். அவர் முகம் கோணினால் பாதிப்பு உங்கள் வகுப்புக்குத்தான். தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம். யார் எதை நடத்துவது என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால், அதில் 10 நிமிடம் தடுமாற்றத்திலேயே போய்விடும்.

மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டை மட்டும் நம்பாதீர்கள். நவம்பரில் வரும் 'சுனுங்' என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் 45 கேள்விகள், 70 நிமிடம். பேச்சுத் தேர்வு கிடையாது. ஆனால் 17 கேள்விகள் ஒலிப்பதிவைக் கேட்டு விடையளிப்பவை. அந்தப் பயிற்சிக்கு உங்கள் குரலைக் கொடுங்கள். கடைசி வரிசையில் தலை கவிழ்ந்திருக்கும் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.