சித்திரவதைத் தடைச் சட்டம் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

லாக்கப்பில் ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தால் நம்மவர்கள் ஒன்றுகூடுகிறார்கள், மகஜர் எழுதுகிறார்கள், நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் "லாக்கப் மரணங்களை நிறுத்துங்கள்" என்று எழுதிய மகஜரை எந்த அரசியல்வாதியும் மறுக்கமாட்டார். கையில் வாங்கி வருத்தம் தெரிவித்து அனுப்பிவிடுவார். அவர் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆகவேண்டிய கேள்வியோடு போவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மலேசியாவின் பினாங்கில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். இப்போது தண்ணீர்மலையிலும் பிறையிலும் இருக்கும் நண்பர்களுடன் இத்தகைய சந்திப்புகளுக்குப் போய்வருகிறேன்.

கேள்வி இதுதான்: விசாரணையின்போது சித்திரவதை செய்வதைத் தனிக் குற்றமாக்கும் சட்டத்தை நீங்கள் ஆதரிப்பீர்களா?

உடனே வரும் பதிலும் எனக்குத் தெரியும். "சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே, அம்மா." உண்மைதான், இருக்கிறது. அதை மறுக்காதீர்கள், அவரைவிட நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள். குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்துகிறவருக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. கொடுங்காயம் என்றால் 331ஆம் பிரிவு, 10 ஆண்டு வரை. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்த 22 வயது குகனின் வழக்கில் இந்தப் பிரிவுகளில்தான் குற்றம் சாட்டினார்கள். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. குடும்பம் போராடிப் பெற்ற இரண்டாவது பரிசோதனைதான் அடிபட்டுத் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைச் சொன்னது. கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள். 2013இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு விதித்தது, அதுவும் குடும்பமே தொடுத்த சிவில் வழக்கில்.

இருக்கிற பிரிவுகளில் எங்கே ஓட்டை என்பதைச் சேவை மையத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும், ஆகவே வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நம் சட்டத்தில் காயம் என்றால் உடல் வலி, நோய், உடல் நலிவு. தூங்கவிடாமல் விடிய விடிய உட்கார வைத்தால்? மனைவியையும் பிடித்து வருவோம் என்று மிரட்டினால்? ஐக்கிய நாடுகள் சபை 1984இல் ஏற்ற சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை மனத்துக்கு இழைக்கும் கடுந்துன்பத்தையும் சேர்த்தே சொல்கிறது. அரசு அதிகாரி தானே செய்தாலும், தெரிந்தே விட்டுவைத்தாலும் குற்றம் என்கிறது. மேலதிகாரி சொன்னார், அதனால் செய்தேன் என்ற சாக்குக்கு அதில் இடமில்லை. மலேசியா இன்னும் அதில் சேரவில்லை. அண்டை நாடுகளான இந்தோனேசியாவும் தாய்லாந்தும் சேர்ந்துவிட்டன.

கையே வைக்காத விசாரணையும் ஆளை முடித்துவிடும் என்பதற்கு தியோ பெங் ஹோக் வழக்கை எடுத்துச் சொல்லுங்கள். 2009 ஜூலையில் ஷா ஆலாமில் ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்தில் இரவு நெடுநேரம் விசாரிக்கப்பட்டு, மறுநாள் அந்தக் கட்டடத்திலேயே கீழே இறந்து கிடந்தவர் அவர். சந்தேக நபர்கூட இல்லை, சாட்சி. 2011இல் அரச விசாரணை ஆணையம், விசாரித்த விதமே அவரைத் தற்கொலைக்குத் தள்ளியது என்றது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்காமல், அதிகாரிகள் உள்ளிட்ட, அடையாளம் தெரியாத சிலரின் சட்டவிரோதச் செயலால் நேர்ந்த மரணம் என்றது. எந்த முடிவை எடுத்துக்கொண்டாலும் விசாரணை அறைக்குள் நடந்ததே காரணம். போலீசை மட்டும் குறிவைத்துச் சட்டம் கேட்டால் போதாது என்பதற்கும் இந்த வழக்கே சான்று.

இந்த இடத்தில் அமெரிக்கர்கள் பட்ட பாடு நமக்கு உதவும். 2005இல் கைதிகளைக் கொடூரமாக நடத்துவதற்கு செனட்டர் மெக்கெய்ன் கொண்டுவந்த தடைக்கு செனட்டில் 90 பேர் ஆதரவாகவும் 9 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அந்தத் தடை எல்லாருக்கும் பொருந்தியது என்றாலும், ராணுவக் கையேட்டிலுள்ள விசாரணை முறைகளை மட்டுமே கையாள வேண்டும் என்ற கட்டு ராணுவத்தோடு நின்றது. உளவு அமைப்பான சிஐஏவை அது தொடவில்லை. அதையும் சேர்க்க வந்த மசோதாவை 2008 மார்ச்சில் அதிபர் புஷ் ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார். 2009இல் அதிபர் ஒபாமா அந்தக் கட்டு சிஐஏவுக்கும் பொருந்தும் என்று உத்தரவு போட்டார். உத்தரவை அடுத்த அதிபர் நீக்கிவிட முடியும் என்பதால், 2015இல் 78க்கு 21 என்ற வாக்கில் செனட் அதைச் சட்டத்தில் ஏற்றியது. விடுபட்ட ஓர் அமைப்பைச் சேர்க்கப் பத்து ஆண்டு. ஆகவே நாம் உறுப்பினரிடம் கொடுக்கும் தாளில் போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம், குடிநுழைவுத் துறை, சிறைத்துறை என்று பெயர் பெயராக எழுதுங்கள். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சோஸ்மா சட்டத்தில் 28 நாள் வரை வைக்கப்படுகிறவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி, நம் ஆட்களிடம் பேசுவது. எனக்கு இதுதான் சேவை மையத்தைவிடக் கடினமான இடம். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால், நகைக்கடையில் கொள்ளை போனவரும், மகனைக் கும்பலுக்குப் பறிகொடுத்த தகப்பனும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். "ரவுடிக்கு என்ன உரிமை? நாலு தட்டு தட்டினால்தான் உண்மை வரும்" என்பார்கள். அவர்களை வாயடைக்கப் பார்க்காதீர்கள். அவர்கள் கேட்பது பாதுகாப்பு, அது நியாயமானது. அந்தப் பாதுகாப்பையே அடி கெடுக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அடித்து வாங்கிய வாக்குமூலத்தைச் சாட்சியச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஏற்காது. 2007இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, போலீசிடம் கைதானவர் கொடுக்கும் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தப் பொதுவாக இடமில்லை. அப்படியென்றால் ஏன் இன்னும் அடிக்கிறார்கள் என்று யாராவது கேட்பார்கள், நல்ல கேள்வி. பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய தகவலை ஏற்கும் 27ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. சித்திரவதையால் கிடைத்த எதையும் நீதிமன்றம் தொடக்கூடாது என்ற வரி புதிய சட்டத்தில் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கைதானவரைக் காவலில் வைக்க போலீஸ் அனுமதி கேட்கும் விசாரணைகளில் நான் நின்ற இடம் மாஜிஸ்திரேட்டுக்கும் கைதிக்கும் நடுவே. விலங்கிட்ட கையோடு வருகிறவரிடம் "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்கப்படும், நான் தமிழில் கேட்பேன். ஓர் இளைஞனை நினைத்துப் பார்க்கிறேன். இடது கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. செருப்பைக் கையில் பிடித்திருந்தான். என் கேள்வியைக் கேட்டதும் அவன் மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை, தன்னை அழைத்துவந்தவரைப் பார்த்தான். பிறகு "ஒன்றுமில்லை" என்றான். சொன்னதை மட்டும் மொழிபெயர்ப்பது என் கடமை. "தியாடா" என்று சொன்னேன். அவன் மறுபடி எந்த இடத்துக்குத் திரும்புவான் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். புகார் கொடுத்தால் விசாரிப்போம் என்கிறவர்களிடம் இதைக் கேளுங்கள்: சட்டம் 4 நாளோ 7 நாளோ ஒருவரை யார் கையில் ஒப்படைக்கிறதோ, அவர்கள் மீதே அவர் அந்த நாள்களுக்குள் புகார் சொல்வாரா?

"குழந்தையைக் கடத்தி வைத்திருக்கிறான், நேரம் ஓடுகிறது, அப்போதுமா?" என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். நான் சொல்லும் பதிலில் மெக்கெய்னே வருகிறார். வியட்நாமில் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானவர் அவர். தன் விமானப் பிரிவினரின் பெயர்களைக் கேட்டு வதைத்தபோது, ஒரு அமெரிக்கக் கால்பந்துக் குழு ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சொல்லியிருக்கிறார். வலி நிற்க வேண்டும் என்றால் மனிதன் எதையும் சொல்வான்; கடத்தியவனும் பொய் முகவரி சொல்வான், நேரம் அதில் போய்விடும். சிஐஏவின் முறைகளைப் பற்றி 2014 டிசம்பரில் வெளிவந்த செனட் குழுவின் அறிக்கையும், தகவல் பெற அவை பயன்படவில்லை என்றே முடிவு சொன்னது. எனக்கு இன்னொன்றும் உண்டு. பயன்பட்டாலும் கூடாது என்பேன். அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பிரம்படியைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும் இருப்பார்கள்: உடன்படிக்கையில் சேர்ந்தால் ரோத்தானை எடுக்கச் சொல்வார்கள் என்று. உடன்படிக்கையின் வரையறை சட்டப்படியான தண்டனையின் வலியைத் தனியே ஒதுக்குகிறது. ஆனால் பிரம்படி அதற்குள் அடங்காது என்று வாதிடுகிறவர்கள் உண்டு, நானும் அவர்கள் பக்கம். இருந்தாலும் இந்தச் சந்திப்பில் அந்தச் சண்டையைத் திறக்காதீர்கள். 2018இல் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கைக்கு எதிராகக் கோலாலம்பூரில் திரண்ட கூட்டத்தை அரசியல்வாதிகள் மறக்கவில்லை. உடன்படிக்கை என்ற சொல்லுக்கே பின்வாங்குவார்கள். உள்நாட்டுச் சட்டத்தை முதலில் கேளுங்கள். கையெழுத்து பிறகு வரட்டும்.

அதற்கு நல்ல முன்மாதிரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு நாம் அடிக்கடி போகிறோம். 2021 ஆகஸ்டில் அந்த நாட்டின் நக்கோன் சவான் நகர போலீஸ் நிலையத்தில் ஒருவரின் தலையில் பிளாஸ்டிக் பைகளை மாட்டி விசாரித்த காணொளி வெளியானது, அவர் இறந்துவிட்டார். 2022இல் தாய்லாந்து சித்திரவதைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. கைது நேரத்திலிருந்தே ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. கருவிகள் போதவில்லை என்று அரசு அந்தப் பகுதிகளைத் தள்ளிவைக்கப் பார்த்தபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 மே மாதம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. கேமரா வாங்கப் பணமில்லை என்ற பதில் இங்கும் வரும், தயாராக இருங்கள்.

2023 ஜூலை முதல் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் செயல்படுகிறதே என்பார்கள். அதற்குத் தண்டிக்கும் அதிகாரமில்லை, முடிவுகளைப் பரிந்துரையாகத்தான் அனுப்ப முடியும். லாக்கப்பைப் பார்க்கப் போகும்போது முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும். இவ்வளவு போதும்.

தாளை மலாயில் ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்யுங்கள். உறுப்பினரின் உதவியாளர் அப்படியே எடுத்து நாடாளுமன்றக் கேள்வியாக அனுப்பும்படி இருக்க வேண்டும். உள்துறை அமைச்சரிடம் கேட்டால் எண்ணிக்கையும் நடைமுறையும்தான் வரும். சட்டம் இயற்றுவதைப் பற்றிப் பிரதமர் துறையில் சட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேட்க வேண்டும். நான் தமிழில் எழுதிவைத்திருக்கும் வடிவம் இது:

"விசாரணையில் உடலுக்கோ மனத்துக்கோ கடுந்துன்பம் இழைப்பதை, எல்லாத் தடுப்பு அமைப்புகளுக்கும் பொருந்தும் தனிக் குற்றமாக்கும் மசோதாவை அரசு தாக்கல் செய்யுமா? செய்யும் என்றால் எந்தக் கூட்டத்தொடரில்? செய்யாது என்றால் காரணம் என்ன? விசாரணை அறைகளில் ஒலி, ஒளிப்பதிவைக் கட்டாயமாக்குமா?"

கூட்டத்தொடர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே கொடுத்துவிடுங்கள், எழுத்துப்பூர்வமான பதில் கேளுங்கள். மூன்று நான்கு பேராகப் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்கட்டும். மகனை இழந்த தாயைக் கேமரா முன் நிறுத்துவதற்காக அழைத்துப் போகாதீர்கள். அவர்களாக வர விரும்பினால், அவர்கள் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடாதீர்கள்.

பதில் வந்ததும் நகலெடுத்து மகஜரில் கையெழுத்திட்டவர்களுக்கெல்லாம் கொடுங்கள், தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் அனுப்புங்கள். "ஆய்வில் உள்ளது" என்று மட்டும் வந்திருந்தால், ஆய்வு எப்போது முடியும் என்ற ஒரு வரியைச் சேர்த்து, அடுத்த கூட்டத்தொடருக்கு அதே தாளைக் கொண்டுபோங்கள்.