பொம்மை கேக் சாயாமல், உருகாமல் இருக்க

ஆச்சி மகளுக்கு அஞ்சு வயசுப் பிறந்தநாள் வந்தபோதுதான் நான் முதன்முதலில் பொம்மை கேக் செய்தேன் (எங்கள் வீட்டில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்). பாவாடை மாதிரிச் செதுக்கிய கேக்குக்குள் பொம்மையை இடுப்பு வரை செருகி வைப்பதுதான் பொம்மை கேக். ராத்திரி பதினோரு மணிக்கு க்ரீம் எல்லாம் பூசி முடித்து, கேக்கைத் தூக்கிக்கொண்டு போய் ஃப்ரிட்ஜைத் திறந்தால், பொம்மையின் கழுத்துக்கு மேலே உள்ளே போகவில்லை. மேல் தட்டைக் கழற்றலாம் என்றால் அதில் மறுநாள் விருந்துக்கு அரைத்து வைத்த மாவுத் தூக்குகள். அவற்றை எடுத்து வெளியே வைத்து, தட்டைக் கழற்றி, கேக்கை உள்ளே வைப்பதற்குள் பாவாடையின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதற்கப்புறம் பத்துப் பதினைந்து பொம்மை கேக் செய்துவிட்டேன், சொந்தக்காரர்கள் வீட்டில் செய்யும்போது கூட நின்றும் பார்த்திருக்கிறேன். கேக் கெட்டுப்போவது பெரும்பாலும் க்ரீம் பூசுவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. உயரத்தையும் வெயிலையும் யாரும் முதலில் யோசிப்பதில்லை.

அதனால் க்ரீம் பிழியும் நாஸில் வாங்குவதற்கு முன்னால் தையல் டேப்பை எடுங்கள். பார்பி அளவு பொம்மை என்றால் தலையிலிருந்து பாதம் வரை 11.5 அங்குலம், அதில் இடுப்புக்குக் கீழே மட்டும் ஏறக்குறைய 7 அங்குலம் வரும். அந்த 7 அங்குலமும் கேக்குக்குள் மறைய வேண்டும். கடைகளில் சாதாரணமாகச் செய்யும் ஒரு கிலோ கேக் 3 அல்லது 4 அங்குல உயரம்தான், அதில் பொம்மையைச் செருகினால் முழங்கால் தெரியும். இதை அளக்காமல் ஆரம்பித்துவிட்டு, கடைசி நேரத்தில் பாதத்தை வெட்டலாமா என்று கேட்டு எனக்கு ஃபோன் செய்தவர்கள் உண்டு. வீட்டில் ஏழெட்டுப் பேர்தான், பெரிய கேக் வேண்டாம் என்றால் இடுப்புக்கு மேலே மட்டும் இருந்து கீழே குச்சி வைத்த அரை பொம்மை கேக் சாமான் கடையில் கிடைக்கும். அதற்கு ஒரு கிலோ கேக் போதும். அளக்கிற கையோடு ஃப்ரிட்ஜ் தட்டின் உயரத்தையும் அட்டைப் பெட்டியின் உயரத்தையும் அளந்துவிடுங்கள், பலகையோடு சேர்த்து 13 அங்குலம் இடம் வேண்டும்.

அடுத்தது, பாவாடை வடிவம் வரும் என்று ஆழமான கிண்ணத்தில் மாவை ஊற்றி வேகவைப்பது. ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர மூன்றரை அங்குலம் கடக்க வேண்டும், அதற்குள் ஓரம் கருகிக் காய்ந்துவிடும், நடுவில் மாவு பச்சையாகவே இருக்கும். சரியாக அந்த நடுவில்தான் பொம்மைக்குக் குழி எடுக்கப் போகிறோம் என்பதால் பச்சை மாவு வழிந்து முழு கேக்கும் உட்கார்ந்துவிடும். கிண்ணத்தில்தான் செய்வேன் என்றால் அடுப்பை 150, 160 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், மேல் பக்கம் சிவந்ததும் ஃபாயில் போட்டு மூடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஈர்க்குச்சியை நட்ட நடுவில் அடிவரை குத்திப் பாருங்கள். இன்னொரு விஷயம், நம் பக்கத்து வீடுகளில் அப்பத்தா காலத்துப் பூப்போட்ட எனாமல் கிண்ணங்கள் நிறைய இருக்கும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளிலும் பார்க்கலாம். வடிவம் அச்சு அசல் பாவாடை மாதிரியே இருக்கும், எடுத்து மாவு ஊற்றத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பழைய எனாமலில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும், விளிம்பு பெயர்ந்திருந்தால் இன்னும் மோசம். அவை கண்ணாடி அலமாரியில் இருக்கட்டும்.

நான் கிண்ணத்தையே விட்டுவிட்டேன். 7 அங்குல வட்டம் இரண்டு, 6 அங்குல வட்டம் இரண்டு, தட்டையாக வேகவைத்து அடுக்கிச் செதுக்குவதுதான் என் வழி. 8 முட்டை, மைதா, சர்க்கரை, வெண்ணெய் தலா 400 கிராம், பேக்கிங் பவுடர் 4 டீஸ்பூன். 170 டிகிரியில் அரை மணி நேரத்தை ஒட்டி வெந்துவிடும். குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக வைக்கலாம், நேரம் மட்டும் கூடுதலாக ஆகும். இங்கே வெண்ணெயைக் குறைத்து, பஞ்சு மாதிரி மெத்தென்று செய்யலாமே என்று தோன்றும். பேஸ்ட்ரிக்கு அது நல்லது, இதற்கு ஆகாது, நாலடுக்கின் எடையைக் கீழ் அடுக்கு தாங்க வேண்டும். வெள்ளிக்கிழமையாகிவிட்டது, முட்டை கூடாது என்றால் தயிரும் சோடாவும் போட்டுச் செய்யும் கேக் சட்டென்று உதிரும், அதை முதல் நாளே செய்து ஆறவைத்து, இறுக்கமாகச் சுற்றி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் கத்தியை வைக்க வேண்டும். முட்டை கேக்கைக்கூட சூட்டோடு செதுக்காதீர்கள். சர்க்கரைப் பாகு தெளிப்பதிலும் கை அடக்கம் வேண்டும், ஒரு அடுக்குக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதற்கு மேல் ஊற்றினால் கீழ் அடுக்கு களியாகிவிடும்.

நாலும் க்ரீமோடு அடுக்கினால் 6 அங்குலம் வரும். மீதி ஒரு அங்குலத்துக்குச் செதுக்கியதில் விழுந்த துண்டுகளை உதிர்த்து, கொஞ்சம் க்ரீம் விட்டுப் பிசைந்து, கொழுக்கட்டை மாவு பதத்தில் இடுப்பைச் சுற்றி வைத்துப் பிடித்துவிடுங்கள். இடுப்பு வளைவு இதில்தான் அழகாக வரும்.

குழியை அடுக்கிய பிறகு ஒரேயடியாகக் குத்தினால் அடுக்குகள் பிளந்து ஓரம் வெடிக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் தனித்தனியாக நடுவில் வெட்டி எடுத்துவிட்டு, அப்புறம் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்க வேண்டும். குழி பொம்மைக் காலுக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும், பெரிதாகிவிட்டால் பொம்மை தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். பொம்மையைக் கழுவித் துடைத்து, இடுப்புக்குக் கீழே க்ளிங் ஃபிலிம் இரண்டு சுற்று சுற்றுங்கள். பலர் மறப்பது கூந்தலை. அதையும் தூக்கிக் கட்டி ஃபிலிமில் பொதிந்துவிடுங்கள், முடியில் ஒட்டிய க்ரீமைத் துடைக்கப் போனால் எல்லா இடத்திலும் இழுவும்.

வெயில் பற்றி. மே மாதத்தில் காரைக்குடியில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும். வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) வைத்துக் கேக் வெட்டுவது எங்கள் வழக்கம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் காலுக்குக் குளுமையாகத்தான் இருக்கும், ஆனால் கேக்கைச் சுற்றியிருக்கும் காற்று சூடுதானே. குளிர் ஊர்களில் வெண்ணெய்க் க்ரீமில் செய்து காட்டுவதைப் பார்த்து அப்படியே செய்தால் மெழுகுவர்த்தி ஏற்றும்போது பாவாடை வழியத் தொடங்கும். கோடையில் தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் க்ரீம்தான் இங்கே கைகொடுக்கும். அதையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்து முழுக்க உருகவிடாமல், முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, ஐஸ் துணுக்கு லேசாக இருக்கும்போதே, குளிர்ந்த பாத்திரத்தில் நடுத்தர வேகத்தில் அடியுங்கள். நுனி நிமிர்ந்து நின்றதும் நிறுத்திவிடுங்கள், இன்னும் கொஞ்சம் என்று அடித்தால் மணல் மணலாகிவிடும். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், அதற்கப்புறம்தான் அலங்காரம், இல்லையென்றால் கேக் தூள் எல்லாம் மேலே வந்து கலந்துவிடும். ஃபாண்டன்ட்டில் (சப்பாத்தி மாதிரித் தேய்த்துப் போர்த்தும் சர்க்கரை மாவு) பாவாடை செய்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும், அதை நான் கோடையில் தொடுவதேயில்லை.

இங்கே ஒரு ஆசையையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ரோஸ் கலர் கவுனே போடுகிறார்கள். நம் ஊர்ப் பொம்மைக்குக் கண்டாங்கிப் பாவாடை போட்டுப் பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை, மஞ்சளும் அரக்கும் கறுப்புமாகக் கட்டம், கீழே அகலமான கரை. கேக்கில் அவ்வளவு எடுப்பாக இருக்கும்! இதிலும் தவறு நேரும் இடம் உண்டு. பாவாடை கீழே விரிவதால் இடுப்பில் நெருக்கமாகப் போட்ட கோடுகள் கீழே வந்ததும் அகன்று கட்டம் கோணலாகிவிடும். அதனால் பல்குச்சியால் கீழ்விளிம்பில் சம இடைவெளியில் குறி வைத்து, அங்கிருந்து மேலே இடுப்பு வரை லேசாகக் கீறிக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒரு கோட்டைப் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள். சுருக்கு வைத்த கவுன்தான் என்றாலும் கீழ் வரிசையில்தான் ஆரம்பிக்க வேண்டும், மேல் வரிசை அதன் மீது படிந்து வரும்.

கலருக்கு ஜெல்தான், தண்ணீர்க் கலரை ஊற்றினால் க்ரீம் இளகிவிடும். அரக்கு வர வேண்டும் என்று சிவப்பை ஊற்றிக்கொண்டே போனால் நாக்கில் கசக்கும். கொக்கோ கலந்த க்ரீமில் சிவப்பைச் சேர்த்து இரண்டு மணி நேரம் விட்டால் நிறம் தானாகவே ஏறும், கறுப்புக்கும் இதே வழிதான். மினுமினுப்புத் தூள் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நச்சில்லாதது என்று மட்டும் போட்டிருந்தால் அது சாப்பிடுவதற்கானது அல்ல. உண்ணத்தக்கது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கெட்டியான வெள்ளி முத்துகளையும் வைக்காதீர்கள்.

தேவகோட்டைக்கோ திருப்பத்தூருக்கோ காரில் கொண்டுபோவதாக இருந்தால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். மடி சாய்வு, உடம்புச் சூடு வேறு. முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் சமமான தரையில், வழுக்காத துணி விரித்து வைத்து ஏசியைக் கால் பக்கம் திருப்புங்கள்.

வெட்டும்போது எல்லோரும் கைதட்டிக்கொண்டு நிற்க, குழந்தை கத்தியைப் பாவாடையில் இறக்கும், கத்தி பொம்மைக் காலில் முட்டி நிற்கும். முதல் வெட்டை ஓரமாக மட்டும் போடச் சொல்லிவிட்டு, அப்புறம் நீங்களே பொம்மையை நேராக மேலே உருவி எடுங்கள். பல்குச்சி, கம்பி எது செருகியிருந்தாலும் எண்ணிப் பார்த்து எடுத்துவிட்டு, பிறகு துண்டு போடுங்கள். பொம்மையின் ஃபிலிமைக் கழற்றி, வெந்நீரில் கழுவி, கூந்தலை அவிழ்த்துச் சீவி அன்றைக்கே குழந்தை கையில் கொடுத்துவிடுங்கள், என் ஆச்சி மகள் அந்த முதல் பொம்மையை இன்னும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.