மார்பக ஸ்கேன்: வாயை மூடிக்கொண்டு படுத்துவிடாதீர்கள்

நேற்று எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண், வந்தவரைப் படுக்க வைத்து, ஜெல்லைத் தடவி, ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்கேனை ஆரம்பித்தாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். படுத்திருந்தவரும் பயத்தில் எதுவும் சொல்லவில்லை.

கட்டி எங்கே என்று சொல்லாமல் இருப்பது

மெஷின் தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று நினைக்கிறார்கள். மார்பின் மேல் வைத்து நகர்த்தும் கருவியான புரோபின் அகலம் 4, 5 செ.மீ. இருக்கும், திரையில் தெரிவதோ அதற்கு நேர்கீழே ஒரு மெல்லிய கீற்று மட்டும்தான். மல்லாந்து படுத்துக் கையைத் தலைக்கு மேல் வைத்தால் மார்பு பரந்துவிடும், உட்கார்ந்திருக்கும்போது விரலில் பட்டது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு அம்மாவின் சீட்டில் ‘வலது மார்பில் கட்டி’ என்று மட்டும் இருந்தது. முழுக்கத் தேடினேன், ஒன்றும் இல்லை, அப்படியே எழுதி அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து அவரே திரும்பி வந்தார். “குளிக்கும்போது கையைத் தூக்கினால்தான்மா தட்டுப்படும்” என்றார். சரி, உட்காருங்கள், நீங்களே பிடித்துக் காட்டுங்கள் என்றேன். அவர் விரலை எடுத்த இடத்தில் புரோபை வைத்தால், அக்குள் பக்கம், மார்பைக் கடிகாரமாக நினைத்தால் 10 மணி திசையில், காம்பிலிருந்து 7 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்த மூன்று மாதம் என் தவறு. இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே!

அதனால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வீட்டிலேயே பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

வெறும் வயிறு, நிறையத் தண்ணீர்

இந்த ஸ்கேனுக்கு இரண்டும் தேவையில்லை.

பழைய படங்களை வீட்டில் வைத்துவிட்டு வருவது

சில வருடங்களாக அளவு மாறாத கட்டி என்பது பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். இல்லாவிட்டால் அது புதுக் கட்டி, அப்புறம் தேவையில்லாமல் ஊசி போட்டுச் சதை எடுக்கவும் நேரலாம்.

திரையைப் பார்த்துப் பயப்படுவது

கன்னங்கரேலென்று, ஓரம் சீராக, கீழே வெளிச்சமாகத் தெரிவது பெரும்பாலும் வெறும் நீர்க்கட்டி. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று படம் எடுப்பதும் வழக்கம்தான்.

மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) பதில் இது போதும் என்பது

போதாது. பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள் ஸ்கேனில் சரியாகத் தெரியாது.

ரிப்போர்ட்டைத் தனியாகப் படிப்பது

‘பைராட்ஸ் 3’ என்பதைப் பார்த்து, மூன்றாம் கட்டப் புற்றுநோய் என்று நினைத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதவரைப் பார்த்திருக்கிறேன். பைராட்ஸ் என்பது படத்தில் தெரிவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் எண், நோயின் கட்டம் இல்லை. புற்றுநோயாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள்.