மாப்போ டோஃபுவை வைத்து ஒரு சீன உணவகத்தை மதிப்பிடுவது எப்படி?

நியூயார்க்கில் ஒரு சீன உணவகத்தின் சமையல் அசலானதா என்று அறிய விரும்புபவர், அது சீனாவின் எந்த மாகாணத்துச் சமையல் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சிச்சுவான் மாகாணச் சமையல் என்றால், அதைச் சோதிக்க ஏற்றது மாப்போ டோஃபு, அதாவது சோயா பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு கட்டிகளைக் காரக் குழம்பில் இட்ட உணவு.

படி 1: சமையலின் ஊரைக் கண்டறியுங்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்கு வந்த சீனர்களில் பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்தின் தைஷான் வட்டாரத்தவர். 1882இல் சட்டம் போட்டுச் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்த அந்நாடு, 1965இல்தான் பிற பகுதி மக்களும் பெருமளவில் வருவதற்கு வழிவிட்டது. அதனால் மன்ஹாட்டனின் பழைய கடைகளைப் பெரும்பாலும் ஆவியில் வேகவைத்த மீனையும் தீயில் வாட்டிய வாத்தையும் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். காரசாரமான சிச்சுவான் சமையலுக்குக் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஃப்ளஷிங் செல்லுங்கள்.

படி 2: உணவுப் பட்டியலைப் பாருங்கள். சீன எழுத்தில் மட்டும் சுவரில் ஒட்டியிருக்கும் தாள்களைச் சுட்டி, அவை என்னவென்று தயங்காமல் கேளுங்கள். பொரித்த கோழியை இனிப்பும் காரமுமான குழம்பில் புரட்டிய ‘ஜெனரல் ட்ஸோ சிக்கன்’ இருப்பதாலேயே கடையை ஒதுக்கிவிட வேண்டாம். பெங் சாங்-குவெய் என்னும் ஹூனான் மாகாணச் சமையற்கலைஞர் 1950களில் தைவானில் உருவாக்கிய அந்த உணவு, நியூயார்க்குக்கு வந்த பிறகுதான் இனிப்பேறியது. கடை வாடகையைக் கட்டுவது பல இடங்களில் அதுவாகவே இருக்கும்.

படி 3: மாப்போ டோஃபு கேளுங்கள். சிச்சுவானின் செங்டு நகரில் பிறந்த இந்த உணவில் மறைத்து ஒப்பேற்ற இடமில்லை. தட்டு வந்ததும் விளிம்பைக் கவனியுங்கள்: அவரை வகைப் பயறும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுதை எண்ணெயில் பொறுமையாக வதக்கியிருந்தால், சிவந்த எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும். டோஃபு உடையாமல், ஆனால் கரண்டி பட்டவுடன் தளதளவென்று அசைய வேண்டும். பட்டாணியும் கேரட்டும் தென்பட்டாலோ, குழம்பு இனித்தாலோ அது வேறு உணவு.

அடுத்து நாக்கைக் கவனியுங்கள். இறுதியில் தூவும் சிச்சுவான் மிளகு உண்மையில் மிளகே அன்று. எலுமிச்சையும் நம் கறிவேப்பிலையும் சேர்ந்த குடும்பத்துச் செடியின் காய்ந்த காய்த்தோல். உறைப்பு ஏறுவதற்குள் உதடு மெல்ல மரத்துத் துடிக்கத் தொடங்கும். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் சொறிநோய்க்கு அஞ்சி அமெரிக்கா 1968 முதல் 2005 வரை இதன் இறக்குமதியைத் தடைசெய்திருந்தது. தடை எப்போதும் கண்டிப்பாக நடைமுறையில் இல்லையென்றாலும், நல்ல சரக்கு கிடைக்காமல் மரப்புச் சுவையையே கைவிட்ட சமையலறைகள் இருந்தன.

படி 4: மரப்பு இல்லையென்றால் உடனே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். வெளியார் தாங்கமாட்டார்கள் என்று கருதிச் சமையல்காரரே குறைத்திருக்கக்கூடும். எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் நேர்ந்தது. பணியாளரிடம் “மா-லா குறைக்க வேண்டாம்” (மா என்றால் மரப்பு, லா என்றால் உறைப்பு) என்று சொன்னதும் அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துச் சென்றார். திரும்பி வந்தபோது மேலே பழுப்புநிறப் பொடி தூவப்பட்டிருந்தது. கூடவே, நான் கேட்காமலேயே, ஒரு கிண்ணம் வெறுஞ்சோறும் வந்தது.