புதிதாக வலிப்புக் குளிசை தொடங்கியவருக்குக் காய்ச்சலும் சிவப்பும் போட்டால்

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து குளிர்த்தி நடக்கும். அந்த வெயிலில் யாருக்காவது காய்ச்சலோடு உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் போட்டால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, "அம்மாள் வந்திருக்கா, ஊசி மருந்து போடப்படா." பல நேரம் அது கொப்பளிப்பான்தான். ஆனால் அவர் அண்மையில் வலிப்புக்குப் புதுக் குளிசை தொடங்கியவர் என்றால், வேப்பிலை பறிக்கப் போகுமுன் கிளினிக் கொப்பியில் திகதியைப் பாருங்கள்.

காபமசெபின், பெனிட்டோயின், பெனோபாபிட்டோன், லமோட்ரிஜின் ஆகிய மருந்துகள் மிகச் சிலருக்குத் தோலையே உரித்துவிடும் ஒவ்வாமையைக் கொண்டுவரும். 'ஸ்டீவன்ஸ்-ஜோன்சன்' என்று டொக்டர்மார் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் குளிசை தொடங்கிய முதல் 2 மாதங்களுக்குள் வரும். அரிதுதான், ஆனால் வந்தவர்களில் ஏறக்குறைய 10 வீதமானோர் இறக்கிறார்கள். உடம்பில் 30 வீதத்துக்கு மேல் தோல் உரிந்தால் இறப்பு 30 வீதம் அளவுக்குப் போகும்.

கொப்பளிப்பானில் நீர் கோர்த்த கொப்புளம் வரும், கடிக்கும். இந்த மருந்து ஒவ்வாமையில் தோல் கடிப்பதைவிட நோகும், எரியும். கருஞ்சிவப்புத் திட்டுகள் நெஞ்சிலும் முகத்திலும் பரவும். அதற்கு ஓரிரு நாள் முன்பே கண் சிவந்து கூசும், தொண்டை நோகும். உதடும் வாயும் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாது, சலம் போகும்போது எரியும். அந்தத் தோலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவினால் உரிகிற தோல் இன்னும் உரியும். முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, கண் மஞ்சளாவது இன்னொரு வகை. அது ஈரலைத் தாக்கும்.

"அடுத்த கிளினிக்கில காட்டுவம்" என்று இருப்பதுதான் என் பார்வையில் ஆகப் பெரிய பிழை. கிளினிக் திகதி ஒரு மாதம் தள்ளியிருக்கும், தோல் அதுவரை பொறுக்காது. பயந்து எல்லா வலிப்புக் குளிசையையும் தாங்களே நிறுத்திவிடுவது மறுபக்கப் பிழை, வலிப்பு நிற்காமல் தொடரக்கூடும். சந்தேகமான மருந்தை உடனே நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் எதை நிறுத்தி எதைக் கொடுப்பது என்பதை டொக்டர் சொல்லட்டும். ஆகவே அடுத்த வேளைக் குளிசைக்கு முன்பே ஆஸ்பத்திரியில் நில்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அங்கே சனம் நிறைந்திருக்கும், காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் பனடோலோடு அனுப்பிவிடவும் கூடும். "வலிப்புக்குக் குளிசை தொடங்கி மூண்டு கிழமை" என்று முதலிலேயே சொல்லுங்கள். குளிசை போட்டுத் தந்த கடதாசி உறையையும் கையோடு கொண்டுபோங்கள்.

சுகமான பிறகும் ஒரு கண்ணி உண்டு. காபமசெபின் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெனிட்டோயினும் பெனோபாபிட்டோனும் அதே வேலையைச் செய்யலாம். மருந்தின் பெயரைக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்பு மையால் எழுதுவியுங்கள், அடையாள அட்டையோடும் ஒரு துண்டு வையுங்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தத் துண்டு கட்டாயம்.

லமோட்ரிஜினைப் பற்றித் தனியாக ஒன்று. அதைச் சிறிய அளவில் தொடங்கி, கிழமைக் கணக்கில் மெல்லக் கூட்டுவார்கள். வல்புறோவேட் என்ற வலிப்பு மருந்தும் எடுப்பவருக்கு இன்னும் மெதுவாக. அவசரப்பட்டுக் கூட்டினால் தோல் பிரச்சினை வரும் வாய்ப்பும் கூடும். குளிசை முடிந்து சில நாள் விடுபட்டால், விட்ட இடத்திலிருந்து முழு அளவை விழுங்காதீர்கள். திரும்ப அடியிலிருந்து தொடங்க வேண்டி வரலாம், கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.